ஆளைக் குறிக்க எந்தச் சொல்லை எடுப்பது?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு சின்ன அறை உண்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஏழு டைப்ரைட்டரோடு தொடங்கிய இன்ஸ்டிட்யூட். இப்போது இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்லூரி ஆண்டு மலர், சர்ச் ஜூபிலி மலர், வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ், அப்புறம் பழைய மலையாள ஆதாரங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, தமிழில் எழுதிக் கொடுப்பது, இவைதான் பிழைப்பு. கடைசி வேலை வெளி மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருக்கொச்சி மாநிலத்திலும் இருந்தவர்கள். தாத்தா வாங்கின வஸ்துவுக்கு, அதாவது நிலத்துக்கு, முன் ஆதாரம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் கிடக்கும். என் அப்பா ஆதாரம் எழுத்துக்காரர். மலையாளம் அவரிடம் படித்தது.

இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் மாட்டிவிட்டவை ஆளைக் குறிக்கிற சொற்கள்தான்: இனம், நிறம், நாடு, சாதி. வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2014-இல் ஒரு கல்லூரி ஆண்டு மலர் வேலை வந்தது. அங்கே ஆப்பிரிக்காவிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். தான்சானியா மாணவர் ஒருவர் இங்கே கழித்த முதல் வருஷத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நல்ல எழுத்து. அதில் ஒரு வரி: ‘நான் கறுப்பு. அதனால் நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி.’ ஆங்கிலத்தில் ‘பிளாக்’ என்றுதான் போட்டிருந்தார். நான் அதை ‘நான் ஒரு நீக்ரோ’ என்று தமிழாக்கினேன். ப்ரூஃப் பார்த்தவரும் விட்டுவிட்டார். மலர் அச்சாகி வந்த மூன்றாம் நாள் அந்த மாணவர் ஒரு தமிழ் நண்பரோடு அறை வாசலில் வந்து நின்றார். கையில் மலர், அந்த வரியின் மேல் விரல்.

“டீச்சர், இந்த வார்த்தை நான் எழுதலையே” என்றார். கூட வந்த பையன்தான் சங்கடப்பட்டான். “அக்கா, இவனுக்கு வாசிச்சுக் காட்டுனேன். அந்த இடத்துல மூஞ்சி மாறிடுச்சு” என்றான். கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். மாணவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏன் அப்படி எழுதினேன் என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். மரியாதைக்காகத்தான் எழுதியிருக்கிறேன். நான் படித்த காலத்தில் ‘நீக்ரோ’ என்பது பாடப்புத்தகத்துச் சொல், ‘கறுப்பன்’ என்பது தெருவில் திட்டுகிற சொல். என் பாட்டி என்னைக் ‘கறுப்பி’ என்றுதான் ஆசையாகக் கூப்பிடுவாள். அதே பாட்டி எனக்கு வரன் பார்க்கும்போது தரகரிடம் ‘பிள்ளை புதுநிறம்’ என்றாள். மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் ‘இருநிறம்’ என்பார்கள், பத்திரிகை விளம்பரத்தில் ‘மாநிறம்’. கறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லாமலிருக்க எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! அந்த வளர்ப்பில் வந்தவளுக்கு, ஒருவர் தன்னைக் கறுப்பு என்று எழுதியதைப் பார்த்ததும் கை தானாக ‘நல்ல’ சொல்லைத் தேடிப் போய்விட்டது.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. 1909-இல் அங்கே தொடங்கிய உரிமைச் சங்கம் ஒன்றின் பெயரில் ‘கலர்டு’ மக்கள், அதாவது நிறமுள்ள மக்கள், என்றிருக்கிறது. அன்றைக்கு அது கண்ணியமான சொல். இன்று அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, சங்கம் மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1930-இல் நியூயார்க் டைம்ஸ் ‘நீக்ரோ’வின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடத் தொடங்கியது. அது பல வருஷம் கேட்டு வாங்கின மரியாதை. 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசும்போது தம் மக்களை நீக்ரோ என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார். மூன்றே வருஷம்தான். 1966-இல் ஸ்டோக்லி கார்மைக்கேல் என்ற இளம் போராளி ‘பிளாக் பவர்’ என்று குரல் கொடுத்தார். அதுவரை திட்டாக இருந்த ‘பிளாக்’ நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் சொல்லாயிற்று. ‘நீக்ரோ’ அடங்கிப்போன தாத்தாமார் சொல்லாயிற்று. 1988-இல் ஜெஸ்ஸி ஜாக்சன் என்ற கறுப்பினத் தலைவர் ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ என்று சொல்லச் சொன்னார், அதுவும் ஒட்டிக்கொண்டது. அரசாங்கம் வழக்கம்போலக் கடைசியில் வந்து சேர்ந்தது. 2010 மக்கள்தொகைப் படிவத்தில்கூட ‘நீக்ரோ’ இருந்தது. இனிமேல் போடுவதில்லை என்று 2013-இல்தான் அறிவித்தார்கள். 2016-இல் மத்தியச் சட்டங்களில் மிச்சமிருந்த இடங்களிலும் ஒரு சட்டம் போட்டு எடுத்தார்கள்.

நான் 2014-இல் எடுத்து எழுதியது கிட்டத்தட்ட ஐம்பது வருஷப் பழைய மரியாதை. ஊசிப்போன சோற்றை வெள்ளித் தட்டில் வைத்த மாதிரி.

ஆக, முதல் வேலை இது. ஆளைக் குறிக்கும் சொல் கண்ணில் பட்டதும் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வருஷத்தை எழுதுங்கள். மூலம் எழுதப்பட்ட வருஷம் ஒன்று, நீங்கள் எழுதுகிற வருஷம் ஒன்று. மூலத்தில் பேசுகிறவர் தன் வாயால் சொன்ன சொல்லானால் அவர் வருஷத்துச் சொல்லே நிற்கட்டும். கிங் சொன்ன ‘நீக்ரோ’வை ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ என்று மாற்றினால், பின்னால் வந்தவர்கள் எதை எதிர்த்துச் சண்டை போட்டார்கள் என்றே வாசிக்கிறவருக்குத் தெரியாமல் போகும். நீங்கள் உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதும்போது இந்த வருஷத்துச் சொல்: கறுப்பினத்தவர், கறுப்பர், ஆப்பிரிக்க அமெரிக்கர். ஆனால் தான்சானியாக்காரரை ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆக்கிவிடாதீர்கள். அதையும் ஒரு பையன் செய்து கொண்டுவந்தான்.

இந்த இரண்டு வருஷக் கணக்கு எனக்கு ஆதார வேலையில்தான் முதலில் பழகியது. பழைய ஆதாரத்தில் எழுதிக்கொடுத்தவர் பெயரோடு சாதி ஒட்டிக்கொண்டு வரும். இன்று வாயில் வைக்கக் கூசுகிற சொல்லும் வரும். ஒரு குடும்பத்தார் பனைவிளை ஒன்றின் ஆதாரத்தோடு வந்தார்கள். “அக்கா, தாத்தா பேருக்குப் பின்னால இருக்கிற அந்தச் சொல்லை எடுத்துட்டு நாடார்னு போட்டுத் தாங்க” என்றார்கள். இருந்த சொல் ‘சாணான்’. சென்னை மாகாணக் கணக்கெடுப்பில் அந்தச் சொல்லுக்குப் பதில் நாடார் என்று ஏறியது 1921-இல். அதற்காக எத்தனையோ வருஷம் மனு மேல் மனு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போகிற மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்து மாறினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். நான் முடியாது என்றேன். என் வீட்டு ஆதாரத்திலும் அதே சொல்தான் இருக்கிறது, அதனால் தயங்காமல் சொல்ல முடிந்தது.

கடைசியில் இப்படிச் செய்தோம். ஆதாரத்தின் மொழிபெயர்ப்பில் பழைய சொல்லை மேற்கோள் குறிக்குள் இருந்தபடி வைத்தேன். அடியில் ‘மூல ஆதாரத்தில் உள்ளபடி’ என்று ஒரு வரி. அதே குடும்பம் பிறகு பாட்டியின் நூற்றாண்டுக்கு ஒரு சின்னப் புத்தகம் போட்டபோது எங்கள் வாக்கியம் எல்லாவற்றிலும் நாடார், ஆதாரத்தை எடுத்துக்காட்டும் ஒரே இடத்தில் மட்டும் பழைய சொல். எந்தக் குடும்பமானாலும் இதையே சொல்கிறேன்.

மேலே இருந்து வரும் மாற்றத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1922-இல் சென்னை மாகாண அரசு பழைய சாதிப் பெயர்களுக்குப் பதில் ‘ஆதிதிராவிடர்’ என்பதை ஏற்றது. காந்தி பரப்பிய ‘ஹரிஜன்’ என்ற சொல்லை அம்பேத்கர் அப்போதே ஏற்கவில்லை, பிறகு அரசும் தன் தாள்களில் அதை எழுத வேண்டாம் என்றது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். காலனி! குடியிருப்பு என்று மட்டும் பொருள்படுகிற வெறும் ஆங்கிலச் சொல். நாகர்கோவிலில் சொந்த வீடு கட்டினவர் ‘இன்னார் காலனி’ என்று பெருமையாக விலாசம் எழுதுவார். அதே சொல் ஊருக்கு வெளியே உள்ள ஒரு தெருவுக்கு வந்தால் வேறு அர்த்தம். சொல்லை மாற்றுவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கிறவர்கள் எப்போதும் முதல் வகை விலாசத்தில் இருக்கிறவர்களாகவே எனக்குத் தட்டுப்படுகிறார்கள்.

அடுத்து, இடம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டுவேன்.

கடற்கரை ஊர் ஒன்றின் சர்ச் மலருக்குப் போர்ச்சுக்கீசியர் காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ‘காப்பிரிகள்’ என்று ஒரு சொல். மூலம் அரபுச் சொல் காஃபிர், நம்பிக்கையில்லாதவர் என்று பொருள். அரபு வணிகர் வாயிலிருந்து போர்ச்சுக்கீசியர் வாய்க்குப் போய், ஆப்பிரிக்கர்களைக் குறித்து, அவர்களோடு கப்பலேறி நம் கரைக்கு வந்தது. இனி அது எங்கெங்கே என்ன ஆயிற்று என்று பாருங்கள். கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம் ‘காப்பிரி முத்தப்பன்’ என்று ஒரு தெய்வம் உண்டு. அங்கே கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் நினைவு அது. மெழுகுவர்த்தி ஏற்றிச் சுருட்டும் கள்ளும் வைத்துக் கும்பிடுகிறார்கள். இலங்கையில் புத்தளம் பக்கம் ஆப்பிரிக்க வழிவந்த ஒரு சிறு சமூகம் தங்களைக் காப்பிரி என்றே சொல்லிக்கொள்கிறது, அவர்கள் பாட்டும் ஆட்டமும் பேர்போனவை. தென்னாப்பிரிக்காவில் அதே சொல்லைக் கறுப்பர் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் குற்றம். 2018-இல் போலீஸ்காரர் ஒருவரிடம் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்திய பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே விதித்தார்கள். ஒரே சொல்தான். ஓர் ஊரில் சாமி, ஓர் ஊரில் சொந்தப் பெயர், ஓர் ஊரில் ஜெயில்.

அந்தக் கட்டுரையில் நான் ‘ஆப்பிரிக்க வீரர்கள்’ என்று திருத்தி, பழைய ஏட்டிலிருந்து எடுத்த வரியில் மட்டும் காப்பிரி என்பதை விட்டேன்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பையன்களுக்குக் கால்பந்து சோறு மாதிரி. 2021 ஜனவரியில் அங்கிருந்து ஒரு பையன் பாஸ்போர்ட் விஷயமாக வந்தவன், “டீச்சரே, நெக்ரிட்டோன்னா அவ்வளவு கெட்ட வார்த்தையா?” என்று கேட்டான். உருகுவே வீரர் எடின்சன் கவானி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடிய நேரம். கோல் அடித்ததற்கு வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் ‘நன்றி, நெக்ரிட்டோ’ என்று ஸ்பானிய மொழியில் பதில் போட்டார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மூன்று ஆட்டம் தடை போட்டு ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. எங்கள் நாட்டில் அது செல்லமாகக் கூப்பிடுவது என்று உருகுவேயின் மொழிக் கழகமே கண்டித்து அறிக்கை விட்டது. ஸ்பானிய மொழியில் ‘நெக்ரோ’ என்றால் கறுப்பு நிறம், அவ்வளவுதான்.

என் பாட்டி என்னைக் கறுப்பி என்றதும் இதுவும் ஒரே சாதி. பாட்டி வீட்டு முற்றத்தில் சொன்னாள், கவானி லட்சக்கணக்கான பேர் பார்க்கும் இடத்தில், இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அந்தப் பையனிடம் சொன்னேன்: தமிழில் எழுதச் சொன்னால் ‘நன்றிடா கறுப்பா’ என்று எழுதிக் கீழே ஒரு வரி விளக்கம் போடுவேன், ‘நீக்ரோ’ என்று எழுத மாட்டேன். தண்டனை சரியா என்று கேட்டான். அபராதத்தை நியாயம் என்று சொல்லலாம், மூன்று ஆட்டம் அதிகம் என்றேன். அவன் மான்செஸ்டர் சிட்டி ஆதரவாளன், சந்தோஷமாகப் போனான்.

நம்மைக் குறிக்கும் சொற்களையே எடுத்துப் பாருங்கள், இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும். ‘கூலி’ என்றால் நமக்குச் செய்த வேலைக்கு வாங்கும் காசு. தென்னாப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் அது இந்தியர்களைக் கேவலப்படுத்தும் பெயர். கன்னியாகுமரியில் யாருடைய அஸ்தி வைத்த இடத்தில் மண்டபம் கட்டியிருக்கிறோமோ அந்தக் காந்தியையும் தென்னாப்பிரிக்காவில் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். மலேசியாவில் ‘கெலிங்’ என்று ஒரு சொல். கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணப் பெயர், பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றைக்கும் அந்தப் பெயரோடு நிற்கிறது. இன்று மலேசியத் தமிழரை நேரில் அப்படிக் கூப்பிட்டால் அடிதடி. பள்ளிவாசல் பெயரை எழுதும்போது அப்படியே எழுதுங்கள், ஆளை எழுதும்போது எழுதாதீர்கள்.

வெள்ளைக்காரருக்கும் இது உண்டு. ‘பறங்கி’ என்பது பிராங்க் என்ற ஐரோப்பிய இனப்பெயரிலிருந்து அரபு வழியாக வந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, நான் பறங்கி இல்லை என்று சொல்லியே ஊருக்குள் பழக வேண்டியிருந்தது, அவ்வளவு மட்டமான பெயர் அது. அதே சொல் இலங்கையில் ‘பறங்கியர்’ என்று ஐரோப்பிய வழிவந்த சமூகத்துக்கு முறையான பெயர். அங்கே மக்கள்தொகைக் கணக்கிலேயே உண்டு. மார்த்தாண்டம் பக்கம் ஆலைகளில் பெண்கள் உடைக்கிற கொல்லாங்கொட்டைக்கு, அதாவது முந்திரிக்கு, மலையாளத்தில் பறங்கியண்டி. கொட்டைக்கு ஒன்றும் கோபமில்லை.

படிவம் நிரப்புவதைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ‘ஏஷியன்’ கட்டத்தைப் பார்த்துவிட்டு, “அது சீனாக்காரங்களுக்குத்தானே அக்கா?” என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் அந்தச் சொல் பேச்சு வழக்கில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவரைத்தான் முதலில் குறிக்கும். 2001 கணக்கெடுப்பில் சீனர் தனிக் கட்டம், 2011-இல்தான் ஏஷியனுக்குள் வந்தார்கள். அமெரிக்காவில் அதே சொல்லைக் கேட்டால் சீனர், ஜப்பானியர் முகம்தான் மனசில் வரும். அமெரிக்கா இன்னொரு வேடிக்கையும் செய்திருக்கிறது. 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் ‘இந்து’ என்று ஓர் இனம் வைத்திருந்தது. இந்தியாவிலிருந்து போனவர் யாராக இருந்தாலும் அந்தக் கட்டம்தான். கருங்கல்லிலிருந்து வந்த கிறிஸ்தவப் பிள்ளை ஒருத்தி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ‘ரேஸ்’ என்ற தலைப்பை இனம் என்று மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். நமக்கு இனசனம் என்றால் சொந்தக்காரர், தமிழினம் என்றால் மொழி. அந்தப் படிவம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டே கட்டத்தைத் தொடுங்கள்.

மூன்றாவது, யார் வாயிலிருந்து வருகிறது என்பது. இதற்கு நாங்கள் வெளிநாடு போக வேண்டாம், திருவனந்தபுரம் போனால் போதும். சாலைக் கடைத்தெருவில் நான் வாய் திறந்து பேரம் பேசினதும், தமிழரை மட்டமாகச் சொல்லும் ‘பாண்டி’ என்ற முணுமுணுப்பு கேட்கும். மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனால் அதே பேச்சைக் கேட்டுவிட்டு, “நீங்க மலையாளமா?” என்பார்கள். சரி, நாங்கள் யோக்கியமா? ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவரை என் அப்பா ‘பாண்டிக்காரன்’ என்றுதான் சொல்வார், அந்த முணுமுணுப்பின் அதே சுருதியில். பாண்டியன் என்றால் ராஜா, பாண்டி என்றால் வசவு. என் தங்கை மகன் திருவனந்தபுரத்தில் படிக்கும்போது அவனும் நாலு தமிழ்ப் பையன்களும் தங்கள் வாட்ஸாப் குழுவுக்கு ‘பாண்டி பாய்ஸ்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து ஒரு மலையாள நண்பர் மேடையில் ‘நம் பாண்டி நண்பர்கள்’ என்று பேசிவிட்டு, ஏன் முகம் சுளித்தார்கள் என்று புரியாமல் நின்றாராம்.

அமெரிக்காவில் காலாவதியான அந்த ‘கலர்டு’, தென்னாப்பிரிக்காவில் 1950-இல் சட்டம் போட்டு ஒரு கூட்டத்தார் மேல் ஒட்டப்பட்டது. 1991-இல் சட்டம் போய்விட்டது. அவர்களில் பலர் அந்தப் பெயரையே தங்கள் அடையாளமாக இன்றும் வைத்திருக்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். கேப் டவுனைப் பற்றிய கட்டுரையில் அந்தச் சொல் வந்தால் ‘கலர்டு சமூகத்தவர்’ என்று பெயராகவே எழுதுங்கள். ‘கறுப்பர்’ என்று மாற்றினால் அங்கே அது வேறு ஆள்.

இனி தமிழுக்கே உரிய விஷயம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்குச் சண்டை போட்டார்கள். அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஏ.பி. 2020-இல்தான் ‘பிளாக்’குக்குப் பெரிய எழுத்து கொடுத்தது. நமக்குப் பெரிய எழுத்து கிடையாது, நம் மரியாதை விகுதியில் இருக்கிறது. ஒரே கட்டுரையில் ‘ஜெர்மானியர் வந்தார்’, ‘நைஜீரியன் வந்தான்’ என்று இருக்கும். எழுதினவருக்கே தெரியாது. ஆகவே வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் ‘காரன்’, ‘யன்’, ‘ந்தான்’ என்று தனித்தனியாகத் தேடிப் பார்க்கிறேன். நாலு பக்கத்துக்கு நாலாவது மாட்டும். முக்கால்வாசி தடவை ஏழை நாட்டுக்காரருக்கோ வடமாநிலத் தொழிலாளிக்கோதான் ‘ன்’ விழுந்திருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கும் காணி மக்களுக்குச் சாதிச் சான்றிதழ் விஷயமாக எழுதும்போது, அரசின் பழங்குடியினர் அட்டவணையில் ‘காணிக்காரன், காணிக்கர்’ என்று இருக்கிறதே, அதன்படிதான் எழுத வேண்டும். மரியாதை கொடுக்கிறேன் என்று ‘காணிக்காரர்’ என்று எழுதி ஒருமுறை மனு திரும்பி வந்தது. மலருக்கோ பத்திரிகைக்கோ எழுதும்போது காணிக்காரர், காணி மக்கள். ‘மலைசாதி’, ‘காட்டுவாசி’ இரண்டும் வேண்டாம். அங்கிருந்து தேன் கொண்டுவரும் ஒரு அம்மாவிடமே கேட்டேன். “காணின்னு எழுது மக்களே. மலை எல்லாருக்கும்தான் இருக்கு” என்றார்.

நேரில் கேட்பதற்குத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள். கீழே டீக்கடையில் பரோட்டா போடுகிறவரை எல்லோரும் ‘பெங்காலி’ என்பார்கள், முதலாளி ‘பாய்’ என்பார். அவர் அசாம்காரர், முஸ்லிமும் இல்லை. இரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை. “தம்பி, உங்களை எந்த ஊர்னு சொல்றது?” என்று கேட்டேன். ஊர், ஜில்லா, ஆற்றின் பெயர் எல்லாம் சொன்னார். வடகிழக்குக்காரர்களை முகத்தை வைத்து ‘சிங்கி’ என்று கேலி செய்கிற வழக்கம் நம் கல்லூரிகளிலும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பழங்குடியினரானால் அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2012-இலேயே மத்திய உள்துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கேட்கும்போது ‘நீங்க என்ன இனம்?’ என்று கேட்காதீர்கள். ‘உங்களைப் பற்றி எழுதும்போது எப்படிப் போடட்டும்?’ என்று கேளுங்கள். பாதிப் பேர் ஊர்ப்பெயரைத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்று அப்போது தெரிந்துவிடும். விபத்துச் செய்தியில் வண்டி ஓட்டினவர் எந்த மாநிலம் என்பதால் பிரேக் பிடிக்காமல் போகவில்லை.

ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து தமிழாக்குகிறவர்களுக்கு ஒன்று. உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்பதற்கு அவர்கள் கூசாமல் நம் ஊர்ச் சாதிப் பெயர் ஒன்றைத் திரித்து ‘பரையா’ என்று எழுதுவார்கள். ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, அச்சான பிறகு பிழை தெரிந்தால் என்ன செய்வது? அடுத்த இதழில் வருத்தம் தெரிவிக்கலாம் என்றுதான் கல்லூரியில் சொன்னார்கள். ஆண்டு மலருக்கு அடுத்த இதழ் ஒரு வருஷம் கழித்து. முந்நூற்று நாற்பது பிரதியில் நாற்பது வெளியே போயிருந்தது. மிச்சத்தை என் அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அந்த வரியை அதே எழுத்தில் அதே அளவில் அடித்து, ஒரு தாளுக்கு முப்பது சீட்டாக எடுத்தேன். மாணவரும் அவர் நண்பரும் கத்தரிக்க, நான் மைதா பசை காய்ச்சினேன். கடையில் விற்கிற பசை தாளைச் சுருக்கிவிடும். ஒட்டுமுன் அந்த வரியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மாணவர் கேட்டார். ‘நான் கறுப்பு’ என்று சொல்லிக்கொடுத்தேன். ‘று’ வாயில் வரவே இல்லை, மூன்று பேரும் சிரித்தோம். மதியம் தொடங்கியது இருட்டியபின் முடிந்தது. வெளியே போன நாற்பதில் இருபத்தெட்டை அந்தப் பையன்கள் வாங்கிவந்து ஒட்டினார்கள். பன்னிரண்டு இன்னும் எங்கேயோ இருக்கிறது.